அரை ஆழாக்கு

ஜனவரி 3, 2025, வெள்ளி

டாக்டர் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "மத்தியானம் எவ்வளவு சோறு சாப்பிடுவீங்க?"

முப்பது வருஷமாகக் கும்பகோணத்தில் அரிசி மண்டி நடத்துகிறேன். ஒரு மணியைப் பல்லில் வைத்தால் அது பிபிடியா, ஆடுதுறை 39ஆ, அறுத்து எத்தனை மாதம் என்று சொல்லிவிடுவேன். மூட்டை அரை கிலோ குறைந்தால் தூக்கும்போதே கைக்குத் தெரியும். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. "வயிறு நிறைய" என்றேன். அவர் பேனாவை எடுக்கவே இல்லை.

நான் போனது கால் புண்ணுக்காக. டிசம்பர் நடுவில் மூட்டையில் குத்திப் பார்க்கிற குத்தூசி நழுவிப் பாதத்தைக் கிழித்தது. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து போவதை வயசின் தலையில் போட்டு வைத்திருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 196. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 312. மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி 9.1. சர்க்கரை நோய் என்று சொல்ல 126, 200, 6.5 போதும். மூன்றையும் எப்போதோ தாண்டியிருக்கிறேன். டைப் 2.

எனக்கு வயது 54. அப்பாவுக்கு 1998இல் வலது கால் கட்டைவிரலை எடுத்தபோது 61. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த விரல்தான் கண்ணில் நின்றது. மண்டிக்குள் இன்றுவரை செருப்பில்லாமல்தான் நடக்கிறேன். நாளையிலிருந்து செருப்பு.

ஜனவரி 4, சனி

அடுப்படியில் பித்தளை ஆழாக்கு ஒன்று கிடக்கிறது, தாத்தா காலத்தது. உலையில் அரிசி போட இன்றும் அதுதான் அளவு. கடைக்குக் கொண்டுபோய் எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தேன். ஒரு ஆழாக்குப் பொன்னி 140 கிராம். வடித்தால் 400 கிராம் சோறு.

பிறகு வீட்டில், வழக்கமாக நான் சாப்பிடுகிற மாதிரியே தட்டில் போடச் சொன்னேன். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. மூன்றையும் சேர்த்து நிறுத்தேன். 430 கிராம். அதாவது 150 கிராம் அரிசி. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. அந்தக் கணக்கில் மத்தியானம் மட்டும் 117 கிராம். டாக்டர் கொடுத்த தாளில் எனக்கு எழுதியிருப்பது வேளைக்கு 50 முதல் 60. காலையில் ஐந்து இட்லி, ராத்திரி நாலு தோசை, நடுவில் சீனி போட்ட டிகிரி காபி மூன்று. அதையெல்லாம் இன்னும் நிறுக்கவில்லை. தைரியம் வரவில்லை.

கணக்குப் போட்டால் வழி ஒன்றுதான். அரை ஆழாக்கு.

அம்மா பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். 82 வயது. "பெத்த பிள்ளைக்கு அளந்து சோறு போடற வீடாடா இது?" என்றாள். கடையில் அளக்காவிட்டால் களவு, வீட்டில் அளந்தால் கேவலம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாப்பிட்டு வந்திருக்கிறது. எனக்கும் பதில் தெரியவில்லை. மத்தியானம் அவள் போட்டதைச் சாப்பிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

காலை டிபனுக்கு முன்னால் சின்ன மாத்திரை ஒன்று, கிளிமிபிரைடு. காலையும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு மெட்ஃபார்மின் 500. முதல் இரண்டு நாள் மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கியது. போன் பண்ணினேன். சாப்பாட்டோடு சேர்த்தே போடுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றார்கள். பழகி வருகிறது.

செய்தி பெரிய கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. இன்று ஒரே நாளில் வந்த வைத்தியங்கள்: ஊறவைத்த வெந்தயம், பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம், நாவல்கொட்டைப் பொடி, சிறுகுறிஞ்சான் இலை. பாத்திரக் கடைக்காரர் தன் மச்சானுக்கு நாற்பத்தெட்டே நாளில் சர்க்கரை "போயே போச்சு" என்றார். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். போன வருஷம் தவறிவிட்டாராம். வெந்தயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். குழம்பில் எப்போதும் போடுவதுதானே.

சீனியை நிறுத்தியாயிற்று. சீனி இல்லாத காபி முதல் நாள் மருந்து மாதிரி இருந்தது. மூன்றாம் நாள்தான் பாலும் டிக்காஷனும் தனித்தனியாக நாக்குக்குத் தெரிந்தன. இத்தனை வருஷம் குடித்தது சீனிப் பாகு போலிருக்கிறது.

ஜனவரி 11, சனி

கோயம்புத்தூரிலிருந்து மகள் குளுக்கோமீட்டர் அனுப்பினாள். "அப்பா, யார் சொல்றதையும் கேட்காதீங்க, இதைக் கேளுங்க" என்று கூரியர் அட்டையிலேயே எழுதியிருந்தாள்.

இந்த வாரம் அதைத்தான் கேட்டேன்.

திங்கள் மத்தியானம், வெள்ளைப் பொன்னி, பழைய அளவு. இரண்டு மணி நேரம் கழித்து 268. புதன், கருப்புக் கவுனி, அதே அளவு. 241. வியாழன் காலை, இட்லிக்குப் பதில் ஒரு பெரிய சொம்பு கேழ்வரகுக் கஞ்சி. 233. இன்று வெள்ளைப் பொன்னியே, ஆனால் அரை ஆழாக்கு. முதலில் முளைக்கீரையும் அவரைக்காய்ப் பொரியலும், பிறகு கெட்டிப் பருப்பு, கடைசியில் சோறு. 187.

ஒரு ஆள், நாலு நாள். ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. கவுனியையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் "இது சுகர் அரிசி அண்ணே, எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்" என்று சொல்லிப் பொன்னியைப் போல மூன்று மடங்கு விலைக்கு விற்றவன் நான். நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை அலைந்து திரட்டினார். அவர் காப்பாற்றிக் கொடுத்தது நெல்லை. அதை மாத்திரையாக்கி விற்றது என் வாய். தவிடு நீங்காத அரிசியில் நார்ச்சத்து உண்டு, கொஞ்சம் மெதுவாக ஏறும், அது உண்மை. ஆனால் அதுவும் அரிசிதான், ஒரு தட்டு என்றால் ஒரு தட்டுதான். கேழ்வரகும் அப்படியே. அதிலும் நூற்றுக்கு ஏறக்குறைய எழுபது பங்கு மாவுச்சத்து. மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் பல்லுக்கு வேலையில்லை, ரத்தத்துக்கு விரைவு.

சாயங்காலம் வழக்கமான டீச்சர் ஒருவர் அஞ்சு கிலோ கவுனி கேட்டு வந்தார். "டீச்சர், அளவைக் குறைச்சுச் சாப்பிடுங்க. நான் இத்தனை நாளும் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். ரெண்டு கிலோ மட்டும் வாங்கிப் போனார். மகன் முறைத்தான்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பத்து நாளாக இந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பா அறுப்புத் தொடங்கி, தெரிந்த விவசாயி ஒருவர் பொங்கலுக்கென்று புது அரிசி கொடுத்தனுப்பியிருந்தார். வாசலில் பானை வைத்து, பொங்கி, குலவை போட்டு முடித்தாயிற்று. பெயரே சர்க்கரைப் பொங்கல்.

மாயவரத்திலிருந்து அக்கா ஒரு டப்பா அதிரசத்தோடு வந்தாள். "தம்பி, உனக்காகக் கருப்பட்டியிலதான்டா செஞ்சேன்." வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் உள்ளே போனால் ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்று சொன்னேன். அக்கா முகம் வாடிவிட்டது. "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிடாதுடா" என்றாள். அப்பாவுக்கும் இதே கூடத்தில், இதே வார்த்தையை, நாங்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். தீபாவளிக்கு ஒரு நாள், பொங்கலுக்கு ஒரு நாள், ஆடிப்பெருக்குக்கு, கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். படைத்து முடிந்ததும் என் வலது கையை நீட்டச் சொன்னாள். கும்பேஸ்வரர் கோயிலில் கொடுப்பார்களே, அந்த மாதிரி உள்ளங்கைக் குழியில் ஒரு கட்டி வைத்தாள். "பிரசாதம்னா இவ்வளவுதான். கோயில்ல யாராவது தட்டை நீட்டுவாங்களா?"

அதை மூன்று வாயாக, மெதுவாகச் சாப்பிட்டேன். முந்திரி ஒன்று இருந்தது. மத்தியானச் சோற்றை நிறுத்திவிட்டு அவரை, பூசணி, மொச்சை போட்ட கூட்டு நிறைய. இரண்டு மணி நேரம் கழித்து 179.

ஜனவரி 23, வியாழன்

இன்று நடந்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

ஒரு வாரமாக வெறும் வயிற்றுச் சர்க்கரை 140ஐ விட்டு இறங்கவில்லை. காலை 148. எனக்குக் கோபம். வியாபாரத்தில் கடன்காரனைத் துரத்திப் பிடிக்கிற மாதிரி இதையும் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு லாரி வேறு. சின்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டிபன் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். சாப்பிடாவிட்டால் ஏறாது, நாளைக்கு 110க்கு வந்துவிடும் என்று கணக்கு.

பத்தரை மணிக்குச் சிட்டையில் எண்கள் மிதந்தன. கை நடுங்கியது. சட்டை நனைந்துவிட்டது. காரணமில்லாமல் கணக்குப்பிள்ளையிடம் கத்தினேன். மூட்டை தூக்குகிற பெரியவர் ஒருவர் சுமையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "மொதலாளி, உக்காருங்க. இது லோ சுகர்" என்றார். டீக்கடைக்கு ஆள் அனுப்பாமல் தானே ஓடி, ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சீனி கலக்கிக் கொண்டுவந்தார். மீட்டரில் 61. எழுபதுக்குக் கீழே போனால் லோ. கால் மணி நேரம் கழித்து 88. உடனே இரண்டு இட்லி சாப்பிட வைத்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஆறு வருசமா இருக்கே."

இருபது வருஷமாக என்னிடம் மூட்டை தூக்குகிறவர். உழைக்கிறவனுக்குச் சர்க்கரை வராது என்று அவர் எதிரிலேயே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்ததிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறதாம். மடியில் எப்போதும் நாலு குளுக்கோஸ் பிஸ்கட். "மாத்திரை போட்டா சாப்பிடணும் மொதலாளி. பட்டினி கெடக்குறதுன்னா மொதல்ல டாக்டரக் கேக்கணும். நானும் ஒருக்கா சஷ்டி விரதத்துல விழுந்தேன்."

டாக்டர் அம்மா போனில் சொன்னது ஏறக்குறைய அதே வார்த்தைகள். அவருக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

கண் பரிசோதனை. கண் பாப்பா விரிய மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று படித்தது ஞாபகம் வந்தது. கூடத்தில் இருந்த கூட்டத்தைப் பார்த்தால் அத்தனை பேரும் கும்பகோணத்துக்கு வந்துவிட்டார்களோ என்று தோன்றியது.

விழித்திரையில் இரண்டு மிகச் சிறிய ரத்தப் புள்ளிகள். பார்வைக்கு இப்போது ஆபத்தில்லை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதும், வருஷம் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அப்படியென்றால் இது ஜனவரியில் வந்த நோயில்லை. எத்தனை வருஷமாகவோ உள்ளே இருந்திருக்கிறது, நான்தான் ரத்தம் கொடுக்கப் போகவில்லை. ஊசி என்றால் பயம் என்று வீட்டில் சொல்லிவந்தேன். பயந்தது அப்பாவின் விரலுக்கு.

மாலையில் டாக்டர் அம்மாவிடம் கால் பரிசோதனை. கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் ஒன்றால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். ஒன்பது இடத்தில் சொல்லிவிட்டேன். பத்தாவது குதிகால், தோல் தடித்துப்போன இடம். அது பரவாயில்லை என்றார். சிறுநீரில் புரதம் இல்லை. புண் மூடிக்கொண்டு வருகிறது.

மருந்தின் மங்கல் தெளியச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை சிட்டை படிக்க முடியாமல் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கல்யாணப் பந்தி. முதல் பரீட்சை.

சூட்சுமம் ஒன்று கற்றேன். வேண்டாம் என்பதை இலையில் விழுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். விழுந்த பிறகு சொன்னால் ஒன்று சாப்பிட வேண்டும், இல்லை வீணாக்க வேண்டும். சோற்றை இலையில் விட்டுவிட்டு எழுந்திருக்க அரிசிக்காரனுக்கு மனசு வராது. ஸ்வீட் வாளி வரும்போதே கையைக் குறுக்கே நீட்டிவிட்டேன். பரிமாறிய பையன், "ஐயா, சுகரா?" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டான். "ஆமாம் தம்பி" என்றேன், அதே சத்தத்தில். எதிர் வரிசையில் மூன்று கைகள் குறுக்கே நீண்டன.

பொரியல், கூட்டு, பச்சடி மூன்றையும் முதலில் முடித்தேன். இரண்டாம் முறை கேட்டதும் அவைதான். சோறு ஒரு கரண்டி சாம்பாருக்கு, அரைக் கரண்டி ரசத்துக்கு. பாயசம் இரண்டு ஸ்பூன், பேத்தி முறைப் பெண் கல்யாணம், தொடாமல் இருக்கக் கூடாது. சாப்பிட்டதும் உட்காராமல் கால் மணி நேரம் மண்டப வாசலில் நடந்தேன். 171.

வீட்டுக்கு வரும்போது என் மனைவி கேட்டாள், "என்னங்க, மனசுல குறையா இருந்துச்சா?" இருந்தது. முந்திரி மிதக்கிற நெய்ச் சாதத்தைக் கடந்து போனபோது இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்க் கணக்கு.

மார்ச் 12, புதன், மாசி மகம்

இரண்டு மாதமாக மகாமகக் குளத்தைச் சுற்றித்தான் என் நடை. பதினாறு மண்டபங்களையும் எண்ணிக்கொண்டே போவேன். பதினாறு வந்தால் ஒரு சுற்று. முதல் வாரம் இரண்டு சுற்றில் மூச்சு வாங்கியது. இப்போது ஆறு. இன்று தீர்த்தவாரிக்கு வந்த கூட்டத்தில் நடக்க இடமில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எடை 81லிருந்து 77. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன். புண் இருந்த இடத்தில் வெளிர் தழும்பு.

பக்கத்தில் இருந்த ஒருவர் அடுத்த மகாமகம் 2028இல் என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது 57. நடந்து வந்து, இதே படியில் இறங்க வேண்டும். பத்து விரலோடு.

ஏப்ரல் 5, சனி

மூன்று மாதச் சோதனை, ஹெச்பிஏ1சி. நான் மனசில் போட்டு வைத்திருந்த எண் 6. வந்தது 7.3.

முகத்தைப் பார்த்தே டாக்டர் அம்மா புரிந்துகொண்டார். "9.1லேருந்து வந்திருக்கீங்க. இது சின்ன இறக்கமா?" என்றார். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அத்தனை நாளும் பட்ட சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று விளக்கினார். எனக்குக் கடைக் கணக்காகவே புரிந்தது. காலையில் மீட்டரில் பார்ப்பது அன்றன்றைய கல்லா ரொக்கம். இது காலாண்டுப் பேரேடு. ஒரு நாள் ரொக்கத்தை ஏதாவது செய்து சரிக்கட்டிவிடலாம், பேரேட்டில் முடியாது. நான் பட்டினி கிடந்ததும் அதில் இருக்கிறது, ஜனவரி ஆறாம் தேதி சாப்பிட்ட முழு ஆழாக்கும் இருக்கிறது.

"மாத்திரையை எப்ப நிறுத்தலாம்?"

"இப்போதைக்கு அதே மாத்திரைதான். ஜூலையில பார்ப்போம்."

வருஷத்துக்கு ஒரு தடவை பி12 பார்க்க வேண்டும், மெட்ஃபார்மின் நாள்பட அதைக் குறைக்கக்கூடும் என்று சீட்டில் எழுதினார். பேனா மூடும்முன் கேட்டார், "மத்தியானம் எவ்வளவு சோறு?"

"அரை ஆழாக்கு. எழுபது கிராம் அரிசி, வடிச்சா இருநூறு."

எழுதிக்கொண்டார்.

வீட்டில் அம்மாவிடம் எண்ணைச் சொன்னேன். ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். மத்தியானம் அவளே ஆழாக்கைத் தேடி எடுத்து, பாதியில் விரலை வைத்துப் பார்த்து உலையில் போட்டாள். சோற்றை அளந்தபடியே வைத்துவிட்டு, கீரைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். கரண்டி மேல் கரண்டியாக விழுந்தது. "போதும்மா" என்றேன். "இதுக்கு உன் டாக்டர் அளவு சொல்லலையே" என்றாள்.

நாளை ஆந்திராவிலிருந்து லாரி, ஆறு மணிக்கு. மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஐந்தரைக்கு மாத்திரை, ஐந்தே முக்காலுக்கு மூன்று இட்லி, அப்புறம்தான் லாரி.